தொம்பைப் பூச்சு

அமிர்தியில் மோட்டார் போட்டு, அதாவது மோட்டார் படகு, என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள். நாங்களும் சிரித்தோம். எங்கள் நாகநதியில் மழைக்காலத்திலேயே எருமை முதுகு நனையாது. மாசி பிறந்தால் மணலைத் தோண்டித்தான் குடம் நிரப்ப வேண்டும். அப்பேர்ப்பட்ட ஊரில், ரோட்டோரத் தகரக் கொட்டகையில், சதீஸ்குமார் ஒரு பழைய மரப் போட்டைக் கவிழ்த்துப் போட்டு இழைத்துக்கொண்டிருந்தான். டீக்கடையில் உட்கார்ந்திருந்த எல்லோரும் ஆளுக்கொரு பேச்சுப் பேசினார்கள். ஆற்றில் தண்ணீர் விடச் சொல்லிக் கலெக்டருக்கு மனு எழுதட்டுமா என்று நானே அவனைக் கேட்டேன். அவன் தலையைத் தூக்கவில்லை.

என் பெயர் கோபால்சாமி. அமிர்தியிலிருந்து ஜமுனாமரத்தூர் வழியாக, பஸ் எட்டிப் பார்க்காத மலை ஊர்களுக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறேன். ஆள் ஏறும், புளி மூட்டை ஏறும், ஆடு ஏறும், பிரசவ வலியோடு பெண் ஏறும். எல்லோரும் அவரவர் கதையையும் ஏற்றிக்கொண்டு வருவார்கள். கேட்டதை வைத்துக்கொள்ளத் தெரியாத வாய் எனக்கு. என் சம்சாரம் சகுந்தலா இதை ஊருக்கே சொல்வாள்.

சதீஸ்குமார் வேலூரில் கதவு ஜன்னல் செய்துகொண்டிருந்தவன். பெண்டாட்டி ஷோபனா மஸ்கட்டில் நர்ஸ் வேலைக்குப் போன பிறகு வீட்டில் ஒண்டியாக இருக்கப் பிடிக்காமல் இந்தக் கொட்டகையை எடுத்தான். சென்னைக் கடற்கரை ரோட்டில் ஓட்டல் வைத்திருக்கும் ஒருவர், கிருஷ்ணகிரியில் பழைய சாமான் மண்டியில் இந்தப் போட்டை வாங்கி அவனிடம் ஒப்படைத்திருந்தார். புதுசாக்கி ஓட்டல் வாசலில் நிறுத்த வேண்டும், பக்கத்தில் ஒரு போர்டு வைத்து இது எங்கே பிறந்தது, யார் ஓட்டியது என்று எழுத வேண்டும் என்பது அவர் ஆசை. போர்டு அவருக்கு, பைத்தியம் பிடித்தது என்னவோ இவனுக்கு. பம்பாயில் ஒரு பட்டறையில் கட்டியது என்று கண்டுபிடித்தான். ஒரு வெள்ளைக்காரன் குடகில் காப்பித் தோட்டத்து ஏரியில் விடுவதற்காக ரயிலில் கொண்டுபோனான் என்பதையும் யார் யாருக்கோ போன் போட்டுக் கறந்துவிட்டான். "பொறந்த ஊரு தெரியாத சாமானு அநாதைண்ணா" என்பான்.

ஒரு நாள் சவாரி சேரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்த என்னைச் சதீஸ் கொட்டகைக்குள் கூப்பிட்டான். போட்டை நிமிர்த்தி, உள்ளே தரைப் பலகையைக் கழற்றியிருந்தான். அடிவயிற்றில் ஒரு பலகை மட்டும் வேறு மரம். மற்றதெல்லாம் சீமை மரம், பித்தளைத் திருகாணி, இது வேங்கை. கலப்பைக்கு அடிக்கிற மாதிரி மர ஆப்பு அடித்து இறுக்கியிருந்தது. அதைச் சுற்றிச் சந்தில் கறுப்பாக ஏதோ பூசி, அது பாதி உரிந்து கிடந்தது. பம்பாய்க்காரன் இப்படிச் செய்ய மாட்டான், குடகுக்காரனும் செய்ய மாட்டான், எவன் கை இது என்று தெரியவில்லை என்றான்.

நான் நகத்தால் கீறி மோந்து பார்த்தேன். எனக்குத் தெரியாதா? மலை வீடுகளில் சாமையைக் கொட்டி வைக்க மூங்கிலில் ஆள் உயரத்துக்குத் தொம்பை பின்னுவார்கள். பின்னிய பிறகு சாணியும் சாம்பலும் குங்கிலியமும் குழைத்து உள்பக்கம் வழித்துப் பூசுவார்கள். ஒரு மணி சிந்தாது, ஒரு பூச்சி நுழையாது. அந்தப் பூச்சுதான் இது. மலைக்காரன் எவனோ போட்டுக்கும் தொம்பைக்கும் ஒரே வைத்தியம் பார்த்திருக்கிறான் என்று சொல்லிச் சிரித்தேன்.

சதீஸ் சிரிக்கவில்லை. "தொம்பையில பொருளு உள்ள கீதுண்ணா, உள்ளருந்து தள்ளும். போட்டுல தண்ணி வெளிய கீது. வெளியருந்து தள்ளசொல்லோ உள்பூச்சு உரிஞ்சிக்கினு வந்துடும். தண்ணியே பாக்காதவன்தான் இப்டிப் பூசுவான்" என்றான். பிறகு பலகையின் ஓரத்து உளித் தடங்களைத் தடவிக் காட்டி, எல்லாம் எதிர்ச்சாய்வாக இருக்கிறது, ஆள் பீச்சாங்கைக்காரன் என்றான்.

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

ஆலங்கொல்லை சாந்தம்மாள் என் வண்டியில் சந்தைக்கு வந்து போகிறவள். ஜமுனாமரத்தூரைத் தாண்டி, நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் இறங்குகிற பாதையில், வண்டி நின்ற பிறகும் ஒரு ஓடையைக் கடந்து நடக்க வேண்டிய ஊர். அவள் புருசன் தீர்த்தகிரி கலப்பை, கதவு, கட்டில் எல்லாம் செய்வாராம். பீச்சாங்கையில் உளி பிடிப்பார் என்று ஊரே கேலி செய்யுமாம். பிள்ளை மோகன் தவழ்கிற வயசில், மலையாட்கள் கூட்டத்தோடு குடகுக்குக் காப்பி பறிக்கப் போனார். ஊர்த் திருவிழாவுக்குக் கூட்டம் திரும்பியது; அவர் திரும்பவில்லை. முதலாளி வீட்டில் ஏதோ மரவேலை பாக்கி இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்றாராம். அடுத்த வருசம் போனவர்களிடம், அந்த ஆள் எப்போதோ போய்விட்டான் என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். யாரோ ஒருத்தன் சந்தையில் அவரை ஒரு பொம்பளையோடு பார்த்ததாக ஆரம்பித்தான். பார்த்தானோ இல்லையோ, அந்தப் பேச்சு மலை முழுக்க நடந்தது. தீர்த்தகிரி குடகில் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டார் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அதற்குப் பிறகு யாரும் தேடவில்லை.

சாந்தம்மாள் மட்டும் நெற்றிக் குங்குமத்தை விடவில்லை. மானாவாரி நிலத்தில் தனியாகச் சாமை விதைத்தாள், தனியாகப் புளி உலுக்கினாள், மகனை வளர்த்து வாணியம்பாடியில் தோல் பதனிடுகிற வேலைக்கு அனுப்பினாள். மகன் போன பிறகு வீட்டில் அவளும் ஒரு சிவப்பு மாடும்தான். சந்தை நாளில் என் வண்டியில் ஏறினால் இறங்கும்வரை பேசுவாள். மாட்டைப் பற்றி, மழையைப் பற்றி, பன்றி கிளறிய கொல்லையைப் பற்றி. ஏழு நாள் பேச்சை ஒரு சவாரியில் பேசித் தீர்க்கிறாள் என்று எனக்குத் தோன்றும். எனக்கே அலுக்கும், ஆனால் நிறுத்தச் சொல்ல மனசு வராது.

அந்த வருசம் அவள் வீட்டில் சண்டை. மோகனுக்கு நெல்லிவாசல் பக்கத்தில் கலைவாணி என்று ஒரு பெண் பார்த்து, இரண்டு பேருக்கும் பிடித்துப் போயிற்று. பெண் வீட்டுக்குப் பரியப் பணம் வைக்கிற தட்டை மாப்பிள்ளையின் அப்பன் கையால் கொடுக்க வேண்டும் என்பது மலை வழக்கம். அப்பன் செத்திருந்தால் சித்தப்பனோ மாமனோ நிற்கலாம். உயிரோடு எங்கோ இருக்கிறவனுக்குப் பதிலாக எவனும் நிற்கக் கூடாது. அதனால் ஊர்க்கவுண்டர் மாதையன் ஒரு வழி சொன்னார். ஆவாரங்குச்சியில் ஆள் உருவம் கட்டி, தீர்த்தகிரி என்று பெயர் சொல்லிப் புதைத்து, கருமாதி செய்துவிட்டால் பையன் தகப்பன் இல்லாதவன் ஆகிவிடுவான், தாலி கட்டலாம். முன்பு தொலைந்து போன வேறு ஆளுக்கும் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

சாந்தம்மாள் முடியாது என்றுவிட்டாள். மோகன் கெஞ்சினான், திட்டினான், சாப்பிடாமல் கிடந்தான். ஒரு முறை என் வண்டியிலேயே, இத்தனை ஜனம் கேட்க, "ஒன்ன வுட்டுட்டு ஓடுன ஆளுக்காவ என் வாய்க்கைய கெடுக்கறியேம்மா" என்று கத்தினான். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "உசுரோட கீறவருக்குக் குழி வெட்டுனா, அங்க துன்ற சோறு அவருக்குத் தொண்டையில நிக்கும். செத்தாருன்னு ஒருத்தன் பாத்துட்டு வந்து சொல்லட்டும், நானே வெட்றேன்" என்றாள். பெண் வீட்டார் தை வரைக்கும்தான் காத்திருப்போம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

இதையெல்லாம் சதீஸிடம் சொன்னேன். அவன் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் கொட்டகையைப் பூட்டிக்கொண்டு குடகுக்குப் பஸ் ஏறினான். அவன் வருகிறவரை நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. சகுந்தலா எனக்கு உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அவன் திரும்பி வந்தபோது மலையடிவாரம் முழுக்க மூட்டம் போட்டிருந்தது. டீ வாங்கிக் கையில் கொடுத்தேன், ஆறுகிறவரை குடிக்கவில்லை. தோட்டம் இரண்டு கை மாறிவிட்டதாம். பழைய காவல்காரர் செத்து, அவர் பெண்டாட்டி மட்டும் லைன் வீட்டில் இருக்கிறாளாம். போட்டின் படத்தைக் காட்டியதும் கிழவி வாயைப் பொத்திக்கொண்டாளாம். தன் மகள் கல்யாணத்துக்கு விருந்தாளிகளை ஏரியில் சுற்றிக் காட்ட ஆசைப்பட்டாராம் அப்போதைய முதலாளி. அடிப்பலகை இற்றுப் போயிருந்தது. மலையாட்களில் மரவேலை தெரிந்த ஒருத்தர் இருக்கிறார் என்று கங்காணி கூட்டிவந்தானாம். போட்டை அவர் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தார். சுற்றிச் சுற்றி வந்து, இதுவும் ஒரு தொம்பைதானே, படுத்துக் கிடக்கிற தொம்பை என்று சொல்லிச் சிரித்தாராம்.

வேலை முடிந்தது. செய்தவனே ஏறிக் காட்டு என்றாராம் முதலாளி. நீச்சல் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. இன்ஜினை எப்படி முடுக்குவது, எப்படி அணைப்பது என்று காவல்காரர் சொல்லிக்கொடுத்து அனுப்பினார். நடு ஏரி வரைக்கும் நன்றாகத்தான் போயிற்று.

"அதுக்கு மேல பூச்சு உரிஞ்சிட்ச்சிண்ணா. பலகை அசையல, ஆப்பு அசையல, இன்னிக்கும் அசையல. பூச்சுதான். சுத்தி சந்துல தண்ணி வந்துகீது. அந்த மனுசன் கத்தலியாம், கையக் காட்டலியாம். குனிஞ்சி ஒக்காந்து ரெண்டு கையாலயும் பூச்ச திருப்பி அமுக்கிக்கினே இருந்தாராம், போட்டு முழுவற வரிக்கும்."

சொல்லிவிட்டு சதீஸ் தன் கையைத் துடைத்துக்கொண்டான். அவரைக் கரையிலேயே புதைத்துவிட்டார்கள். கல்யாண வீட்டில் போலீஸ் வரக் கூடாது என்று எல்லோர் வாயையும் அடைத்துவிட்டார்கள். போட்டை இழுத்து வந்து கொட்டகையில் தூக்கிப் போட்டதோடு சரி, அப்புறம் யாரும் தொடவில்லை. கூட ஒரு பொம்பளை இருந்தாளா என்று இவன் கேட்டிருக்கிறான். யாரும் இல்லை, வேலை முடிந்ததும் ஊருக்குப் போக வேண்டும், பையன் நடக்க ஆரம்பித்திருப்பான் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார் என்றாளாம் கிழவி.

அந்த முதலாளி உயிரோடு இருந்தால் போய் நாலு கேள்வி கேட்டிருப்பேன். அதே நேரத்தில், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு சந்தோசமும் வந்தது. ஓடிப்போனவர் என்று ஊர் தூற்றிய மனுசன் ஓடவே இல்லையே. சாந்தம்மாளுக்கு இது தெரிய வேண்டாமா? அவள் புருசன் யோக்கியன் என்று மலையே கேட்கும்படி சொல்ல வேண்டாமா? மகன் கல்யாணமும் நடக்கும். சதீஸ் தயங்கினான், நான்தான் அவனைக் கிளப்பினேன்.

ஓடையில் முழங்கால் தண்ணீர் போயிற்று. ஊருக்குள் ஏறும்போது தூறல். சாந்தம்மாள் எங்களைப் பார்த்ததும், என்ன ஏது என்று கேட்காமல் அடுப்பைத் தூண்டினாள். அவள் வீட்டுக்கு மனிதர்கள் வருவதே அபூர்வம். சாமைச் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு, கூடவே சுட்ட கருவாடு ஒரு துண்டு. விசயத்தைச் சொல்லிவிட்டுச் சாப்பிடலாம் என்று பார்த்தால் அவள் விடவில்லை. சதீஸின் ஊர், பெண்டாட்டி, பிள்ளை என்று விசாரித்துக்கொண்டே பரிமாறினாள். பெண்டாட்டி வெளிநாட்டில் என்றதும், பாவம் அங்கே யார் அவளுக்குச் சோறாக்கிப் போடுவார்கள் என்று கேட்டாள்.

மோகனும் லீவில் வந்திருந்தான். ஊர்க்கவுண்டரையும் கூப்பிட்டு வரச் சொன்னேன். சதீஸ் போனில் அந்தப் பலகையின் படத்தை எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்த் தன் வீட்டு நிலைக்கதவில் இருந்த ஆப்பைத் தொட்டுப் பார்த்தாள். திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"எங்கூட்டுக்காரு வேலதான். எங்க கீறாரு?" என்றாள்.

சதீஸ் என்னைப் பார்த்தான். இத்தனை வருசம் வாய் வாய் என்று பெயர் எடுத்த நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அவனே சொன்னான். மெதுவாக, ஒன்றையும் ஒளிக்காமல், கிழவி சொன்னது சொன்னபடி சொன்னான். கூட யாரும் இல்லை, வேறு யாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை, வீட்டுக்கு வரத்தான் துடித்துக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னான்.

முதலில் அழுதவன் மோகன்தான். அப்பா ஓடிப் போகவில்லை, ஓடிப் போகவில்லை என்று அதையே சொல்லிச் சொல்லி மண்ணில் உட்கார்ந்துவிட்டான். சின்ன வயசிலிருந்து எவ்வளவு பேச்சுக் கேட்டிருப்பான். ஊர்க்கவுண்டர் மாதையன் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஊர் தப்பாகப் பேசிவிட்டது, ஊர் சார்பில் நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று அவளைக் கும்பிட்டார். ஒரு பெண்ணிடம் ஊர்க்கவுண்டர் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

சாந்தம்மாள் எங்கள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். கழுவின தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளேயிருந்து, "கருமாதிய எப்ப வெக்கறீங்களோ வெச்சிக்குங்க" என்றாள்.

குறித்த நாளில் சதீஸ் அந்த வேங்கைப் பலகையை ஆப்போடு கழற்றி எடுத்து வந்தான். ஓட்டல்காரர், சாவுக் கதை எல்லாம் போர்டில் வேண்டாம், வெள்ளைக்காரன் கதையோடு நிறுத்திக்கொள் என்று சொல்லிவிட்டாராம். எழுதுவது உங்கள் இஷ்டம், பலகை என் இஷ்டம் என்று சொல்லிவிட்டு, அதற்குப் பதிலாகப் புதுப் பலகை இழைத்துப் போட்டுவிட்டான். ஆவாரங்குச்சி ஆள் தேவைப்படவில்லை. பலகையைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, வேட்டி சுற்றிக் கிடத்தினார்கள்.

ஊர் முழுக்க வந்தது. குறை சொல்ல முடியாது. கூத்துக்கு அடிக்கிற பறையும் வந்தது, நெல்லிவாசலிலிருந்து பெண் வீட்டாரும் வந்தார்கள். ஆனால் அழ ஆளில்லை. தீர்த்தகிரியைப் பார்த்த கிழங்கள் பாதி போய்விட்டன. மீதிப் பேருக்கு அவர் எப்போதோ இல்லாமல் போனவர். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு ஒப்பாரிக்கு வாயைத் திறந்தார்கள். பக்கத்து வீட்டில் சின்னக்குழந்தை என்று பெயர் கொண்டவள், முப்பது வயசுகூட இருக்காது, சாந்தம்மாள் காதருகே குனிந்து, அவரை என்ன சொல்லி அழுவது என்று ரகசியமாகக் கேட்டாள். ஊருக்கு அது பழைய சாவு. சாந்தம்மாள் ஒருத்திக்குத்தான் அன்றைக்குப் புருசன் செத்திருந்தார். சின்னக்குழந்தை தனக்குத் தெரிந்த பொதுப் பாட்டு ஒன்றைப் பாடினாள். குழி மூடியதும் ஓடையில் சாந்தம்மாளின் குங்குமத்தை அழித்தார்கள். அதற்குள்ளேயே ஒரு பக்கம், கருமாதி கழித்து எந்த வாரம் பரியம் போடலாம், தட்டை மாமன் கொடுப்பதா சித்தப்பன் கொடுப்பதா என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

மத்தியானம் கிளம்பினோம். சாந்தம்மாள் ஓடை வரைக்கும் கூடவே வந்தாள். மோகன் வேண்டாம் என்றும் கேட்கவில்லை. காலைத் தூறல் விட்டுப் பளிச்சென்று வெயில். எதையாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு. பாரு, நீ நினைத்தது வீண் போகவில்லை, உன் புருசன் உன்னையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார், இன்னொருத்தி இருக்கிறாள் என்று சொன்ன வாயெல்லாம் இன்றைக்கு அடங்கிவிட்டது என்றேன். சதீஸும் ஆமாம்க்கா என்றான்.

அவள் ஒரு பாறை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"இருந்திருக்கலாமே கோவாலு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"ஒருத்தி கீறான்னுதான நானு நெனச்சிக்கினு இருந்தேன். ஊரு சொன்னத நானும் நம்புனேன். மொதல்ல மண்ண வாரித் தூத்துனேன் அவள. அப்புறம் பழகிப்போச்சி. வூட்ல ஆரு கீறாங்க எனுக்கு? அவளாண்டதான் பேசுவேன். களி கெளறசொல்லோ, அவருக்குக் கட்டி இருந்தா எறங்காதுடி, நல்லா கெளறுன்னுவேன். மார்கழி வந்தா, நெஞ்சுச் சளி புடிக்கும், தூதுவள வெச்சிக் குடுடின்னுவேன். எனுக்கு ஜொரம் வந்தா, நான் போய்ட்டா நீதான் பாத்துக்கோணும்னு அவளாண்டதான் ஒப்படைச்சேன். அவளும் ரெண்டு புள்ள பெத்துருப்பா, அதுங்களும் அவரு சாடையில இருக்கும்னு..."

நிறுத்தினாள். சதீஸ் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"அவருதான் போனாருன்னு சொன்னீங்க. செரி. அவளும் இல்லேன்னுட்டீங்களே" என்றாள். "அம்மாம் தண்ணியில, கூட ஒருத்தி இல்லாம, ஒண்டியாவா போனாரு?"

ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்த ஜனங்கள் ஹாரன் அடித்துக் கூப்பிட்டார்கள். சாந்தம்மாள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, மாடு கட்டினபடியே நிற்கிறது என்று சொல்லிவிட்டு, வந்த வழியே நடந்தாள். எப்போதும் நடக்கும்போது உதடு அசைந்துகொண்டே இருக்கும் அவளுக்கு. தனியாகப் பேசிக்கொள்கிறவள் என்று நான் கேலி செய்திருக்கிறேன். அன்றைக்கு வாய் மூடியே இருந்தது.